பொற்கொடியும் காற்றில் நிற்கிற வண்டியும்

ஆலங்குடி வட்டாரத்தில் பொற்கொடிக்குப் பிடித்த ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. தேங்காய் ஏற்ற வருகிற லாரிக்காரன் முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் வரைக்கும் எல்லாரும் அவளுக்கு ஒரே ரகம்தான், உருப்படாத ரகம். முட்டி தேய்ந்துவிட்டது, ஆப்பரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் சொன்னபோது, "அவன் கண்ணாடியே மூக்குல நிக்கல, எம் முட்டிய நிறுத்தப் போறானாக்கும்" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்து வந்தவள் அவள். தென்னந்தோப்பு, முந்திரிக்கொல்லை, மாடி வீடு என்று எந்தக் குறையும் இல்லாத பொம்பளை. குறை இல்லாததால் நாக்கு சும்மா இருக்கும் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு.

ஊரார் மேல் அவளுக்கு இருந்ததெல்லாம் சில்லறை இளப்பம். மொத்த வியாபாரம் ஒரே ஆளிடம்தான். அவள் புருஷன் ரகுநாத்திடம்.

ரகுநாத் தேங்காய் வியாபாரி. நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஊரில் எவனும் வாங்காத ஒன்றை வாங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு அரிப்பு. தேங்காய் உரிக்கிற மிஷின் ஒன்று வாங்கினார். அது இப்போது கொல்லையில் ஈரத்துணி காயப்போட உதவுகிறது. ஈமு கோழி வளர்த்தார். அது வேலியைத் தாண்டிப் போய் ஆட்டுக்காரியை விரட்டியதுதான் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் வியாக்கியானம் இருக்கும், ஒவ்வொரு வியாக்கியானத்துக்கும் பொற்கொடியிடம் ஒரு "ம்க்கும்" இருக்கும். இப்படியே ஒரு பெண்ணைப் பெற்று, கட்டிக்கொடுத்து, தலையும் நரைத்துவிட்டது.

அப்புறம்தான் அந்த வண்டி வந்தது. பொற்கொடி வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த குட்டிக் காரை விற்றுவிட்டு, சென்னையில் யாரோ தலைமுழுகிய பழைய சீமை வண்டி ஒன்றை ரகுநாத் ஓட்டிக்கொண்டு வந்தார். மலை ஏறுமாம், ஆறு தாண்டுமாம், பாலைவனத்தில் புதையாதாம். ஆலங்குடியிலிருந்து வம்பன் போகிற வழியில் எந்த மலை இருக்கிறது, எந்த ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்று பொற்கொடி கேட்டாள். அதற்கு அவர், "ரோடு மோசம்ல" என்றார்.

வண்டியின் கதவைத் திறந்து பார்த்தால் உட்காரும் இடம் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. 

"இது காரா, காவக்காரன் பரணா?"

"இந்த வண்டி ஆதியில இவ்வளவு ஒசரம் இல்ல. முன்னாடி வச்சிருந்தவன் என்னமோ பண்ணிப்புட்டான்" என்றார் ரகுநாத். அடுப்படியில் கிடந்த சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கதவடியில் போட்டார். "இப்ப ஏறு."

அன்றோடு அந்த ஸ்டூல் வண்டியின் பின்பக்கத்தில் குடியேறிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே கூத்துதான். வண்டி நிற்கும். ரகுநாத் இறங்குவார். பின்கதவைத் திறந்து ஸ்டூலை எடுப்பார். சுற்றி வந்து போடுவார். கையைப் பிடிப்பார். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிற பொற்கொடிக்கு அப்படியே வண்டியோடு பூமிக்குள் போய்விடலாம் என்று இருக்கும்.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அந்த ஸ்டூலின் கால் ஜல்லியில் வழுக்கியது. பட்டுச்சேலை கதவிடுக்கில் மாட்டிக்கொள்ள, பொற்கொடி பந்தல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினாள். விழவில்லை. விழுந்திருந்தால் நாலு பேர் ஐயோ என்றிருப்பார்கள். தொங்கியதால் சிரித்தார்கள். முதலில் சிரித்தது யார் என்கிறீர்கள்? அவளுடைய தம்பி வெற்றிசெல்வனின் பொண்டாட்டி அருணா.

"என்ன அண்ணி, அடுத்த தடவ ஏணி கொண்டாரச் சொல்லவா?" என்று அருணா கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? வீடியோக்காரனை வேறு இங்கிட்டுத் திரும்பச் சொன்னாள்.

அன்று சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பொற்கொடி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். "இனிமே ஸ்டூல் போட்டு அந்த வண்டியில நான் ஏறி எறங்குனா என்னைய மனுசியாவே மதிக்காதீங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான். பஸ் படியும் உயரம்தான், முட்டிக்குள் யாரோ திருகாணி முடுக்குகிற மாதிரித்தான் வலித்தது. ஆனால் பஸ்ஸில் எல்லாரும் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்கள். அதில் மானக்கேடு இல்லை.

இந்த நிலைமையில் வெற்றிசெல்வன் மணமேல்குடியில் புது வீடு கட்டி முடித்தான். பத்திரிகையோடு வந்து, "அக்கா, நீதான் நெறகொடம் எடுத்து மொதக் கால் வைக்கணும், நீதான் பால் காய்ச்சணும்" என்றான். வேறு யார் செய்வது? கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். முகூர்த்தமோ விடிகாலை. அந்நேரத்துக்கு ஆலங்குடியிலிருந்து மணமேல்குடிக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. முதல் நாளே போய் அருணாவின் வாடகை வீட்டில் படுத்து எழுந்திருக்கலாம், அதற்குப் பொற்கொடி செத்தாலும் சம்மதிக்க மாட்டாள். வாடகைக் கார் பிடிக்கலாம். புருஷன் ஒரு வண்டியிலும் பொண்டாட்டி ஒரு வண்டியிலும் வந்து இறங்கினால் சொந்தபந்தம் என்ன கதை கட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்தவர்களைப் பற்றி அவளே எத்தனை கட்டியிருக்கிறாள்!

ஆகவே அதே வண்டிதான். புது வீட்டு வாசலில் ஊரே கூடியிருக்கும், அருணா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள், அவள் முன்னால் ஸ்டூல் இல்லாமல் இறங்க வேண்டும். பொற்கொடிக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொன்னாளா? சொல்லமாட்டாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக எல்லாரையும் வைதாள், அவ்வளவுதான்.

ரகுநாத் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வண்டிய ஒரிஜினலா மாத்தப் போறேன்" என்றார்.

"ஏன், இப்ப இருக்கறது டூப்ளிகேட்டா?"

"ஆதியில அது காத்துல நிக்கிற வண்டி. நாலு சக்கரத்துக்கும் மேல நாலு ரப்பர் பலூன் இருக்கும். முன்னாடி வச்சிருந்தவன் அதக் கழட்டி எறிஞ்சுட்டு லோடு வண்டிக்குப் போடுற மாதிரி ஸ்பிரிங் போட்டுட்டான், அதான் இப்புடி வெறச்சுக்கிட்டு நிக்கிது. காத்தப் போட்டா, பட்டனத் தட்டுனதும் வண்டி தானா கீழ எறங்கும். ஆள் ஏறி உக்காந்ததும் தானா மேல எழும்பும்."

"ஒட்டகமா?"

"ஒட்டகம்னே வச்சுக்கயேன்."

"ஒட்டகம் வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு பொற்கொடி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போய், தானா கீழே இறங்கும் என்று அவர் சொன்னதை இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வேலைக்குக் கிடைத்த ஆள் ரிஃபாய். மணமேல்குடிக்காரன், ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டிகளின் வயிற்றுக்கடியில் பல வருஷம் கிடந்துவிட்டு வந்து, திருக்கோகர்ணத்தில் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான்; வீட்டு வாசலுக்கே வந்து வேலை பார்க்க ஒத்துக்கொண்டான். "அரபு நாட்டுக்குப் போயிட்டு வந்தவனெல்லாம் இன்ஜினியரு" என்பது பொற்கொடியின் தீர்ப்பு. ரிஃபாயும் லேசுப்பட்டவன் இல்லை, ரகுநாத் போன்ற ஆட்களை அவன் கண்டிருக்கிறான். "அண்ணே, ஒண்ணு நான் பாக்கணும், இல்ல ஒங்க செல்போன்ல வர்ற ஆளு பாக்கணும், ரெண்டு பேரும் பாக்க முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ரகுநாத் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் செந்தமிழன் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தெரியாத விஷயம் என்று அவருக்கு உலகத்தில் எதுவும் கிடையாது, தெரிந்த விஷயமும் எதுவும் கிடையாது. அவர் தினமும் வந்து நின்று, "மெட்ராஸ் போற ஏர் பஸ்ல இருக்கிற பலூன்தானய்யா, இதுக்குப் போயி வெளிநாட்டுலேருந்து வரவழைக்கணுமா? பழச எடுத்துட்டுப் போனா நம்ம டயர் கடையில டியூபு ஒட்டுற மாதிரி ஒட்டிக் குடுத்துருவான்" என்பார். பழசுதான் இல்லையே, எவனோ எறிந்துவிட்டானே என்று சொன்னால், "எறிஞ்ச எடத்துல தேடுனீகளா?" என்பார். இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் கவர்மெண்டு இத்தனை வருஷம் பஸ் விட்டிருக்கிறது.

வேலை இழுத்துக்கொண்டே போனது. காற்றடிக்கிற கம்ப்ரசர் வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்து இறுகிப்போயிருந்தது, திறந்து பார்த்தால் உள்ளே எறும்புப் புற்று. காற்றுக் குழாய்களை எலி கொறித்து வைத்திருந்தது. புதுப் பலூன்கள் வந்து சேர்ந்ததும் அவற்றை மாட்டியாயிற்று, குழாய் இழுத்தாயிற்று. அப்புறமும் வண்டி எழும்பாது என்றான் ரிஃபாய். அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர், நான் ஸ்பிரிங்கில் நிற்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறதாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே டேப் வைத்து அளந்து, இவ்வளவு உயரத்தில்தான் நீ நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "பல்லுப் போன வயசுல பள்ளிக்கூடத்துல சேக்குறானுக" என்றாள் பொற்கொடி.

ஆனால் வண்டி எழும்பியது. ஐயா, பொய் சொல்லக்கூடாது, எழும்பியது. வாசலில் வைத்து ரகுநாத் பட்டனைத் தட்டினார், வண்டி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகத் தாழ்ந்தது. நாலு மூலையும் ஒன்று போல. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பொற்கொடி, கையிலிருந்த முறத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டாள்.

"ஏறிப் பாரு" என்றார் ரகுநாத்.

காலைத் தூக்கி வைத்தாள். வைக்க முடிந்தது. கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்து உட்கார்ந்தாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, முட்டி ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கு நெஞ்சு பூரித்துப்போனது. மணமேல்குடி வாசலும் அருணாவின் மூஞ்சியும் கண்முன்னால் வந்து போயின. இறங்கி வந்தவள், "உள்ள எலிப் புழுக்க வாட அடிக்குது" என்றாள்.

அதற்கப்புறம் ரகுநாத்தின் அழும்பு தாங்க முடியவில்லை. பால்காரன் வந்தால் பட்டனைத் தட்டுவார். கூரியர்காரன் வந்தால் தட்டுவார். வண்டி எழும்புவதும் உட்காருவதுமாகத் தெருக்கூத்தாகிவிட்டது. இத்தனை பேர் கண்ணும் பட்டால் என்ன ஆகும்? பொற்கொடி, வீட்டு வேலைக்கு வருகிற ராசாத்தியைக் கூப்பிட்டாள். வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டச் சொன்னாள். ரகுநாத் அதை அவிழ்த்து எறிந்தார். "ஒரிஜினல் வண்டி புள்ள. இதெல்லாம் கட்டுனா அசிங்கமா இருக்கும்" என்று ராசாத்தியிடம் சொன்னார்.

சரி, முன்னால் கட்டினால்தானே அசிங்கம்? ராசாத்தியிடம் சொல்லிக் கறுப்புக் கயிறும் படிகாரக் கட்டியும் வாங்கிவரச் செய்தாள். ரகுநாத் தோப்புக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, தாழ்ந்து நின்ற வண்டியின் இடது பக்கத்துப் பின்சக்கரத்தருகே ஒரு சாக்கை விரித்தாள். தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த பொம்பளை. கையை ஊன்றி, ஒருக்களித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாத இடமாக வண்டிக்கடியில் கையை விட்டாள். விரல் கனத்தில் ஒரு சின்னக் கம்பி தட்டுப்பட்டது. கட்டுவதற்கென்றே வைத்த மாதிரி இருந்தது. படிகாரத்தைக் கறுப்புத் துணியில் முடிந்து, அந்தக் கம்பியையும் பக்கத்திலிருந்த இரும்பையும் சேர்த்துச் சுற்றி, ஆடாமல் அசையாமல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ராசாத்தி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "வெளிய மூச்சு விட்ட, கொன்னுபுடுவேன்" என்றாள் பொற்கொடி. நன்றி சொல்கிற விதம் அது.

அந்தச் சின்னக் கம்பிதான், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற கம்பி. அதைக் கட்டிப்போட்டால் அந்த மூலை எத்தனை உயரம் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இன்னும் எழும்பவில்லை, இன்னும் எழும்பவில்லை என்று காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கும். பொற்கொடி இதை எங்கே கண்டாள்?

மறுநாள் ரகுநாத் ஆலங்குடிக் கடைவீதிக்குப் போய் வண்டியை நிறுத்தினார். நின்ற வண்டி, மூன்று காலில் நின்றுகொண்டு இடது பின்காலை மட்டும் மேலே தூக்கியது. கரண்டுக் கம்பத்தடியில் நாய் நிற்குமே, அதே நிலை. பக்கத்தில் ஒரு கம்பமும் இருந்தது தெய்வாதீனம். செந்தமிழன் டீக்கடையிலிருந்து, "யோவ் ரகு, ஒன் வண்டிக்கு அவசரம்யா!" என்று கத்தினார். கடைவீதி முழுக்கச் சிரித்தது.

ரிஃபாய் வந்து காற்றழுத்த மானியை மாட்டிப் பார்த்தான். காற்றைப் பிரித்து அனுப்புகிற வால்வில் கோளாறு என்றான். அதை மாற்றினான். வண்டி மறுபடியும் காலைத் தூக்கியது. புதுப் பலூனில் குறை என்றான். அதையும் கழற்றி மாட்டினான். மறுபடியும் தூக்கியது. ரகுநாத் செல்போனில் எவனோ ஹிந்தியில் பேசுகிற வீடியோவைக் காட்டி, கம்ப்ரசர்தான் என்றார். ரிஃபாய் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். கடைசியில் ஓயாமல் ஓடிய கம்ப்ரசர் சூடேறி நின்றுபோக, வண்டி மொத்தமாக வயிறு தரையில் தட்டப் படுத்துவிட்டது.

பொற்கொடி அடுப்படியில் நின்று, கயிறு கட்டியும் கண் பட்டுவிட்டதே என்று மருகினாள். இன்னும் பெரிய படிகாரமாக வாங்கியிருக்க வேண்டும், இந்த மனுஷன் பட்டனைத் தட்டித் தட்டியே சீரழித்துவிட்டார் என்று நினைத்தாள். தன் மேல் தப்பு இருக்கலாம் என்று நினைக்கிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள் காலையில் ரகுநாத் தோற்றுப்போனார். ஷெட்டில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளை அவரே தூக்கி வந்து வாசலில் போட்டார். "இதையே மாட்டிரு ரிஃபாய். நாளைக்குப் போயிட்டு வரணும். இதுக்கு மேல என்னால முடியாதுப்பா."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் பொற்கொடி. இந்த வார்த்தையை இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் வெல்லம் போல இனித்திருக்கிறது. அன்றைக்கு இனிக்கவில்லை. வாசலில் கிடந்த அந்தத் துருப்பிடித்த சுருள்களைப் பார்க்கையில் அவளுக்கு அழுகை முட்டியது. நாளைக்கு ஸ்டூல்தான். அருணா சிரிக்கப் போகிறாள்.

ரிஃபாய் ஜாக்கியை வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்தான். செந்தமிழன் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்தார். ராசாத்தி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் வண்டிக்கடியிலிருந்து ரிஃபாயின் குரல் வந்தது.

"அண்ணே, இத யாரு கட்டுனது?"

வெளியே வந்தவன் கையில் கறுப்புத் துணி முடிச்சு தொங்கியது. பலூனைப் பார்க்கிற கண்ணுக்குக் கிரீஸும் சேறும் அப்பிய அந்த முடிச்சு வண்டியின் ஏதோ ஒரு உறுப்பு மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. அவன் முகத்தில் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "ஹைட் சென்சார் கம்பிய இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. கம்பி, நுனியில மாட்டியிருக்கிற குமிழ விட்டுக் கழண்டே போச்சு. இது சொல்லாம கம்ப்யூட்டருக்கு எப்புடிண்ணே தெரியும்? அது பாட்டுக்குக் காத்த ஏத்துது. நானும் மேல மேலேயே பாத்துக்கிட்டிருந்தேன், முட்டாப்பய."

ரகுநாத் அந்த முடிச்சைப் பார்த்தார். துடைப்பத்தோடு நின்ற ராசாத்தியைப் பார்த்தார். திருஷ்டிச் சாமான் வாங்குவதும் கட்டுவதும் அந்த வீட்டில் அவள் வேலைதான்.

"ஒன்னைய யாரு கட்டச் சொன்னது?" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "எத்தன நாளா நாயா பேயா அலையிறோம்! அறிவு இருக்கா ஒனக்கு? நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத, போ!"

ராசாத்தி பொற்கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். சொல்லாதே என்று சொன்னதற்காக, வேலை போனாலும் சொல்லாமல் போகிறவள். கிறுக்கச்சி.

பொற்கொடி வாசற்படியில் நின்று கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. நாளைக்கு ராசாத்தியை வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? ஓட்டை டப்பா, ஒட்டகம், எலிப் புழுக்கை என்று தெருவுக்கே கேட்க அவள் பேசிய பேச்செல்லாம் பொய் என்றாகிவிடும். அந்த வண்டி நல்லபடியாக நிற்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள் என்று இந்தச் செந்தமிழனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"அவள ஏன் வையிறீங்க?" என்றாள். "நான்தான் கட்டுனேன். என்ன இப்ப?"

செந்தமிழன் வாயைப் பிளந்தார். "ஏம்மா, நீதான் இந்த வண்டியக் கண்டாலே காறித் துப்புவியே! நீயா கண்ணு படக்கூடாதுன்னு கயிறு கட்டுன?" என்று சொல்லி, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ரிஃபாயும் தலையைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. பொற்கொடி அவமானத்தில் கொதித்துப்போய் நின்றாள். புருஷன் என்ன சொன்னாலும் திருப்பி அடிக்க ஒரு டஜன் வசவை வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். முட்டாள் என்பார், மூதேவி என்பார், பார்த்துக்கொள்ளலாம்.

ரகுநாத் சிரிக்கவில்லை. குனிந்து, சக்கரம் கழன்ற இடத்தில் வண்டிக்கும் தரைக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அந்தக் கம்பி இருக்கிற இடத்தைக் கை நீட்டித் தொடப் பார்த்தார். அவருக்கே எட்டவில்லை. எழுந்து அவள் முட்டியைப் பார்த்தார்.

"நீ எப்புடி அங்க கீழ படுத்த?"

"படுத்தேன்" என்றாள்.

"வலிக்கலையா?"

"வலிக்காம?" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ரகுநாத் ராசாத்தியிடம் போய், "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றார். ரிஃபாய் ஸ்பிரிங்குகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பியைக் குமிழில் மாட்டப் படுத்தான். சூடு தணிந்த கம்ப்ரசரும் ஓடியது, மத்தியானத்துக்குள் வண்டி நாலு காலிலும் ஒழுங்காக நின்றது.

மறுநாள் விடிகாலையில் மணமேல்குடியில் வெற்றிசெல்வனின் புது வீட்டு வாசலில் வண்டி போய் நின்றது. பந்தலும் வாழைமரமும் சீரியல் லைட்டுமாக வாசல் ஜேஜே என்று இருந்தது. அருணா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவள் கண் நேராக வண்டியின் பின்கதவுக்குத்தான் போனது, ஸ்டூல் எப்போது வரும் என்று. ரகுநாத் பட்டனைத் தட்டினார். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. சின்னப் பிள்ளைகள் ஓவென்று கத்தின. அருணாவின் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

கதவு திறந்திருந்தது, தரை காலுக்கு எட்டியது. பொற்கொடி ஒரு ஆள் துணையும் இல்லாமல் மகாராணி மாதிரி இறங்கியிருக்கலாம். இதற்காகத்தானே இத்தனை நாள் உள்ளுக்குள் எரிந்தாள்.

ரகுநாத் சுற்றி வந்து கதவோரம் நின்றிருந்தார். கையை நீட்டவில்லை, நீட்டினால் கடிப்பாள் என்று அவருக்குத் தெரியும். வண்டி சரியாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், அசட்டு மனுஷன். பொற்கொடி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் கையை வைத்து, நல்லாவே சாய்ந்துகொண்டு இறங்கினாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அருணாவுக்கு உயிர் வந்தது. "என்ன அண்ணி, வண்டிதான் எறங்குது. ஒங்களுக்கு இன்னும் ஆள் புடிச்சாத்தான் எறங்க முடியுது போல?"

"ஆமா" என்றாள் பொற்கொடி. புருஷன் தோளிலிருந்து கையை எடுக்காமலே நிறைகுடம் வைத்திருந்த இடத்துக்கு நடந்தாள்.